வடி, வட்டி, வண்டி

1. ஒரு சீட்டு

மும்பை நகரில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிப் போன தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக அங்கே வாழ்கின்றன. முதலில் போனவர்களில் பலர் தோல் பதனிடும் வேலை செய்தார்கள். இன்று பல தொழில்கள் செய்கிறார்கள். அவற்றில் ஒன்று இட்லி வியாபாரம். விடியும் முன்பே அடுப்பு எரியும். இட்லி வெந்ததும் சைக்கிளிலும் கூடையிலும் வண்டியிலும் நகரத்துக்குள் கொண்டுபோய் விற்பார்கள்.

முத்தம்மாள் இட்லி விற்கிறார். சிறு வயதில் அவர் பள்ளிக்குப் போகவில்லை. கல்யாணமாகி மும்பைக்கு வந்த பிறகு, மாலை நேர எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து படிக்கக் கற்றார். அவருடைய மகள் வள்ளி மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. முத்தம்மாள் உளுந்து வாங்கக் கிளம்பினார். தள்ளுவண்டிக்கு அந்த வார வாடகை கொடுக்க வேண்டும். தம்பி வந்து பணத்தை வாங்கிப் போவதாகச் சொல்லியிருந்தான்.

"ஏட்டி வள்ளி, மாமா வந்தா இந்த ரூவாயக் குடு. வண்டி 200ன்னு ஒரு சீட்டும் எழுதி வெச்சிரு" என்றார்.

வள்ளி சீட்டு எழுதினாள். பணத்தோடு சேர்த்து டப்பாவுக்கு அடியில் வைத்தாள். விளையாடப் போய்விட்டாள். மாமா வந்தார். சீட்டைப் படித்தார். பணத்தை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை அதிகாலை 4 மணி. முத்தம்மாள் வண்டி எடுக்கப் போனார்.

"வாடகை வரலியே தாயி. வண்டிய வேற ஆளுக்கு விட்டாச்சே" என்றார் வண்டிக்கார அண்ணாச்சி.

முத்தம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டில் இட்லி வெந்துகொண்டிருந்தது. கூடையில் அடுக்கித் தலையில் சுமந்து போனார். வண்டியில் போகிற தூரம் தலைச்சுமையோடு போக முடியுமா? பாதிதான் விற்றது. மீதியை அக்கம்பக்கத்தில் கொடுத்தார்.

மாலையில் தம்பி வந்தான். சீட்டை நீட்டினான்.

"வட்டின்னுதானக்கா எழுதியிருக்கு? அதான் மகளிர் குழுவுல கட்டிட்டேன்."

சீட்டில் 'வட்டி 200' என்று இருந்தது. வட்டியை முத்தம்மாள் முன்பே கட்டியிருந்தார். குழுவில் கட்டிய பணம் எங்கும் போகாது. அடுத்த மாதக் கணக்கில் வைத்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு நாள் பிழைப்புப் போனது போனதுதான்.

வள்ளி அழுதாள். "யம்மா, இனிமே நான் எதுவும் எழுத மாட்டேன்."

முத்தம்மாள் திட்டவில்லை. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"வண்டின்னு சொல்லு பாப்போம்."

"வண்டி."

"சரி, நீ எழுதுனதப் படி."

வள்ளி சீட்டைப் பார்த்து, "வண்டி" என்றாள்.

முத்தம்மாளுக்கு விஷயம் புரிந்தது. மகளின் காதில் குறை இல்லை. வாயிலும் குறை இல்லை. நடுவில் வரும் புள்ளி எழுத்து எது என்பதில்தான் குழப்பம். அந்த இடத்தை அவள் பார்த்துப் படிக்கவில்லை. மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டாள்.

'டீச்சர் சொல்லித்தர வேண்டியதை நான் எப்படிச் சொல்லித்தருவது?' என்று முத்தம்மாள் முதலில் தயங்கினார். பிறகு தன்னுடைய வகுப்பு அவருக்கு நினைவு வந்தது. அவரும் இதே இடத்தில்தான் தடுமாறினார். தனி எழுத்துகளை விரைவாகப் படித்தார். புள்ளி எழுத்து வந்தால் நின்றுவிடுவார்.

சிறு வயதில் படித்தவர்களுக்கு எந்த இடத்தில் கஷ்டப்பட்டோம் என்பது மறந்து போகும். பெரியவர்களான பின் படித்தவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். குழந்தைக்குச் சொல்லித்தர இது பெரிய உதவி. முத்தம்மாள் அன்று இரவே தொடங்கினார்.

2. புள்ளி எழுத்து யாரோடு ஒட்டும்?

முத்தம்மாள் பழைய காலண்டர் அட்டையை வெட்டினார். மூன்று சீட்டுகள் செய்தார். அவற்றில் மூன்று சொற்கள் எழுதினார்.

வடி – வட்டி – வண்டி

நீங்களும் உரக்கப் படியுங்கள். சோற்றை வடிக்கிறோம். கடனுக்கு வட்டி கட்டுகிறோம். வண்டியில் போகிறோம். மூன்று சொல்லிலும் முதல் எழுத்து 'வ'. கடைசி எழுத்து 'டி'. நடுவில்தான் வேறுபாடு. ஒன்றில் நடுவில் எதுவும் இல்லை. ஒன்றில் 'ட்' இருக்கிறது. ஒன்றில் 'ண்' இருக்கிறது.

வள்ளி எழுத்துக்கூட்டிப் படித்தாள். "வ... இட்... டி."

பல குழந்தைகள் இப்படித்தான் படிக்கும். பள்ளியில் புள்ளி எழுத்துகளை 'இக், இங், இச்' என்று சொல்லிப் பழகுகிறோம். எழுத்தின் பெயரைச் சொல்ல அது சரி. சொல்லைப் படிக்கும்போது அந்த 'இ' குறுக்கே நிற்கும். 'வ-இட்-டி' என்று எத்தனை முறை சொன்னாலும் 'வட்டி' வராது.

புள்ளி எழுத்து தனியாக நிற்காது. அது தனக்கு முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

வ – டி
வட் – டி
வண் – டி

முத்தம்மாள் கை தட்டிக்கொண்டே சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு தட்டு. 'வ' ஒரு தட்டு, 'டி' ஒரு தட்டு. 'வட்' ஒரு தட்டு, 'டி' ஒரு தட்டு. 'வண்' ஒரு தட்டு, 'டி' ஒரு தட்டு. வள்ளியும் சேர்ந்து தட்டினாள். 'இட்' தானாகவே போய்விட்டது.

தமிழ் இலக்கணத்தில் எழுத்தை ஒலிக்கும் நேரத்துக்கு மாத்திரை என்று பெயர். கண் இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை. 'க' போன்ற குறிலுக்கு ஒரு மாத்திரை. 'கா' போன்ற நெடிலுக்கு இரண்டு மாத்திரை. புள்ளி எழுத்துக்கு அரை மாத்திரைதான். இவ்வளவு குறுகிய ஒலியைக் குழந்தை தவற விடுவதில் வியப்பில்லை.

பழைய காலத்தில் பனை ஓலையில் எழுத்தாணியால் எழுதினார்கள். புள்ளி குத்தினால் ஓலை கிழியும். அதனால் பலர் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். காகிதத்தில் எழுதும் நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. புள்ளியைத் தாராளமாக வைக்கலாம்.

3. மூக்கைத் தொட்டுப் பாருங்கள்

மறுநாள் வேறு மூன்று சொற்கள்.

சடை – சட்டை – சண்டை

'சடை' என்று சொல்லுங்கள். நாக்கு மேலே தொட்டு உடனே விலகுகிறது. 'சட்டை' என்று சொல்லுங்கள். நாக்கு மேலே அழுந்தி, ஒரு கணம் நின்று விலகுகிறது. 'சண்டை' என்று சொல்லுங்கள். இப்போது ஒலி மூக்கு வழியாக வருகிறது.

மூக்கின் மேல் விரலை வைத்துக்கொண்டு சொன்னால் இது நன்றாகத் தெரியும். 'சட்டை' சொல்லும்போது மூக்கு சும்மா இருக்கும். 'சண்டை' சொல்லும்போது மூக்கு அதிரும். வள்ளிக்கு இது நல்ல விளையாட்டாக இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களின் மூக்கையெல்லாம் தொட்டுப் பார்த்தாள்.

எழுதும்போது சந்தேகம் வந்தால் குழந்தை தன்னையே கேட்டுக்கொள்ளலாம்.

நாக்கு நிற்காமல் போகிறதா? புள்ளி எழுத்து வேண்டாம். சடை.
நாக்கு அழுந்தி நிற்கிறதா? அதே எழுத்து இரட்டிக்கும். சட்டை.
மூக்கு அதிர்கிறதா? மூக்கொலி எழுத்து வரும். சண்டை.

தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப வேறு ஒலி பெறும். இந்த மூன்று சொற்களைப் படியுங்கள்.

பசி – பச்சை – பஞ்சு

மூன்றிலும் 'ச' வரிசை எழுத்துதான். ஆனால் மூன்று விதமாக ஒலிக்கிறது. இவற்றையும் படியுங்கள்.

பகல் – பக்கம் – பங்கு

இங்கும் 'க' வரிசை எழுத்து மூன்று விதமாக ஒலிக்கிறது. ஆகவே 'க', 'ச' என்று தனி எழுத்தை மட்டும் கற்ற குழந்தை 'பக்கம்', 'பஞ்சு' என்ற சொற்களில் தடுமாறும். 'க்க', 'ங்க', 'ச்ச', 'ஞ்ச' என்று இரண்டு எழுத்தையும் ஒரு சேரக் காட்டி, சேர்த்தே படிக்கப் பழக்க வேண்டும்.

4. பக்கத்து வீட்டு எழுத்து

வள்ளிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"யம்மா, மூக்குல வர்ற எழுத்து நெறைய இருக்கே. ண், ந், ன். எதப் போட?"

நல்ல கேள்வி. விடை எழுத்து வரிசையிலேயே இருக்கிறது. வரிசையைச் சொல்லிப் பாருங்கள்.

க ங, ச ஞ, ட ண, த ந, ப ம, ய ர ல வ ழ ள, ற ன.

'க'வுக்குப் பக்கத்தில் 'ங'. 'ச'வுக்குப் பக்கத்தில் 'ஞ'. பக்கத்து வீட்டுக்காரர் போல இவை சோடி சோடியாக இருக்கின்றன. இவற்றை இன எழுத்துகள் என்கிறோம். சொல்லிலும் இந்தச் சோடிகள் சேர்ந்து வரும்.

ங் + க: சங்கு, தங்கம், தேங்காய்
ஞ் + ச: பஞ்சு, இஞ்சி, மஞ்சள்
ண் + ட: வண்டி, நண்டு, சுண்டல்
ந் + த: பந்து, சந்தை, வெந்தயம்
ம் + ப: கம்பு, பாம்பு, வேம்பு
ன் + ற: கன்று, குன்று, நன்றி

'பந்து' எழுத வேண்டும். ண், ந், ன் மூன்றில் எது? அடுத்து 'து' வருகிறது. 'த'வின் பக்கத்து வீடு 'ந'. ஆகவே 'ந்'. 'நண்டு' எழுத வேண்டும். அடுத்து 'டு' வருகிறது. 'ட'வின் பக்கத்து வீடு 'ண'. ஆகவே 'ண்'. அடுத்த எழுத்தைப் பார்த்தால் நடு எழுத்து கிடைத்துவிடும். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

'அன்பு', 'நண்பன்' போன்ற சில சொற்களில் 'ப'வுக்கு முன் வேறு எழுத்து வரும். அவற்றைச் சொல்லிப் பார்த்தாலே வேறுபாடு காதில் கேட்கும். அவற்றைப் பிறகு சொல்லித்தரலாம். முதலில் ஆறு சோடிகள் போதும்.

5. இரட்டைப் பிள்ளைகள்

ஒரே எழுத்து இரட்டித்து வரும் சொற்களைப் படியுங்கள்.

பக்கம், பச்சை, தட்டு, பத்து, உப்பு, காற்று.
அம்மா, வெல்லம், வள்ளி, எண்ணெய், தென்னை, ஒவ்வொரு.

இங்கே நினைவில் வைக்க வேண்டிய செய்திகள் இரண்டு.

முதல் செய்தி. க், ச், த், ப் என்ற நான்கு எழுத்துகளுக்குப் பின்னால் அதே எழுத்துதான் வரும். 'பக்' என்று படித்தவுடன் அடுத்தது 'க' வரிசை என்று சொல்லிவிடலாம். 'சக்தி', 'பக்தி' போன்ற சொற்கள் வடமொழியிலிருந்து வந்தவை. அவற்றில் இந்த முறை மாறும்.

இரண்டாம் செய்தி. 'ர்', 'ழ்' என்ற இரண்டு எழுத்துகளும் இரட்டிக்காது.

இரட்டித்து வரும் எழுத்து எது என்பதிலும் கவனம் வேண்டும். இந்தச் சோடிகளைப் பாருங்கள்.

பல்லி – பள்ளி
வெல்லம் – வெள்ளம்

சுவரில் ஓடுவது பல்லி. குழந்தை போவது பள்ளி. பாயசத்தில் போடுவது வெல்லம். மழைக்காலத்தில் தெருவில் ஓடுவது வெள்ளம். 'ல' சொல்லும்போது நாக்கு பல்லுக்குப் பின்னால் தொடும். 'ள' சொல்லும்போது நாக்கு மேல்நோக்கி வளையும். வள்ளி தன் பெயரைப் புள்ளி எழுத்து இல்லாமல் எழுதிப் பார்த்தாள். 'வளி' என்று வந்தது. வளி என்றால் காற்று. தன் பெயரில் ஓர் எழுத்து போனால் தானே காற்றாகிவிடுவோம் என்று சிரித்தாள்.

6. வீட்டுச் சொல், புத்தகச் சொல்

ஒரு நாள் வள்ளி 'காத்து அடிச்சுது' என்று எழுதினாள். பக்கத்தில் இருந்த மாமா, "தப்பு தப்பு" என்றார்.

முத்தம்மாள் அவரைத் தடுத்தார். "அவ காதுல கேட்டத எழுதியிருக்கா. நாம அப்படித்தான பேசுதோம்?"

உண்மைதான். வீட்டில் ஒரு விதமாகப் பேசுகிறோம். புத்தகத்தில் வேறு விதமாக எழுதுகிறோம். இந்த வேறுபாடு பெரும்பாலும் புள்ளி எழுத்து வரும் இடத்தில்தான் இருக்கிறது. முத்தம்மாள் நோட்டில் நடுவே கோடு போட்டார். இடப்பக்கம் வீட்டுச் சொல். வலப்பக்கம் புத்தகச் சொல்.

காத்து – காற்று
நேத்து – நேற்று
நாத்து – நாற்று
ஒண்ணு – ஒன்று
பன்னி – பன்றி
அஞ்சு – ஐந்து
அடிச்சான் – அடித்தான்
வச்சான் – வைத்தான்

இரண்டு பக்கமும் நல்ல தமிழே. வீட்டுச் சொல்லைத் தவறு என்று சொன்னால் குழந்தை வாய் திறக்க அஞ்சும். "இதை வீட்டில் இப்படிச் சொல்வோம். புத்தகத்தில் எப்படி எழுதுவார்கள்?" என்று கேட்டால் குழந்தை தானே யோசிக்கும்.

'ற' தனியாக வரும்போது நாக்கு அதிரும். கறி, முறம், அறை. 'ற்ற' என்று இரட்டிக்கும்போது நாக்கு அதிராமல் அழுந்தும். காற்று, வெற்றி, நெற்றி. இதைப் பல ஊர்களில் 'த்த' போலச் சொல்வதால் எழுதும்போது 'த்த' வந்துவிடுகிறது. சோடியாகப் படித்துப் பழகினால் கண்ணுக்குப் பழகிவிடும்.

வெறி – வெற்றி
நெறி – நெற்றி
மாறு – மாற்று

7. தெருவில் கேட்கும் மொழி

வள்ளியின் தெருவில் இந்தி பேசும் குழந்தைகள் இருக்கிறார்கள். பள்ளியில் மராத்தியும் சொல்லித்தருகிறார்கள். இத்தனை மொழியில் குழந்தை குழம்பிவிடுவாளோ என்று மாமா கவலைப்பட்டார். குழம்ப வேண்டியதில்லை. வேறுபாட்டை எடுத்துச் சொன்னால் போதும்.

இந்தியும் மராத்தியும் தேவநாகரி எழுத்தில் எழுதப்படுகின்றன. தமிழில் 'க' என்ற ஒரே எழுத்துக்கு அங்கே நான்கு எழுத்துகள் உண்டு. அங்கே ஒலி மாறினால் எழுத்தும் மாறும். தமிழில் எழுத்து மாறாது. பக்கத்தில் நிற்கும் எழுத்தைப் பார்த்து ஒலியை அறிய வேண்டும். இதைச் சொல்லாவிட்டால், 'தங்கம்' என்ற சொல்லுக்கு வேறு ஒரு 'க' இருக்கும் என்று குழந்தை தேடும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தேவநாகரியில் இரண்டு மெய்கள் சேர்ந்தால் பெரும்பாலும் முதல் எழுத்தைப் பாதியாக்கி அடுத்த எழுத்தோடு ஒட்டிவிடுவார்கள். தமிழில் இரண்டு எழுத்தும் முழுதாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முதல் எழுத்தின் தலையில் புள்ளி இருக்கும்.

ஆனால் அழுத்திச் சொன்னால் பொருள் மாறுவது அங்கும் உண்டு. இந்தியில் 'பத்தா' என்றால் இலை. அழுத்தாமல் சொன்னால் முகவரி. வள்ளிக்கு இந்த இரண்டு சொல்லும் தெருவிலேயே தெரியும். தெரிந்ததை வைத்துத் தெரியாததைச் சொல்லித்தரலாம்.

நம் 'இட்லி'யையும் பாருங்கள். 'ட்' என்ற எழுத்துக்குப் பின்னால் 'ல' வருவது தமிழ் வழக்கம் அன்று. அதனால்தான் சில புத்தகங்களில் 'இட்டலி' என்று எழுதுகிறார்கள். முத்தம்மாளின் பலகையில் 'இட்லி' என்றுதான் இருக்கிறது. வாங்குபவர்களுக்கு அது புரிகிறது.

8. இரண்டு புள்ளி எப்போது?

வள்ளி இப்போது தெருவில் உள்ள பலகைகளையெல்லாம் படிக்கத் தொடங்கினாள். ஒரு தமிழ்ப் பலகையில் 'தையல் பயிற்ச்சி' என்று இருந்தது.

"யம்மா, இதுல ரெண்டு புள்ளி சேந்து வருது. சரியா?"

முத்தம்மாளுக்கும் உடனே தெரியவில்லை. "டீச்சர்ட்ட கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லு" என்றார். வள்ளி கேட்டு வந்தாள். டீச்சர் சொன்னது இதுதான்.

ய், ர், ழ் என்ற எழுத்துகளுக்குப் பின் இன்னொரு புள்ளி எழுத்து வரலாம்.
காய்ச்சல், பார்த்தேன், வாழ்த்து.

ட், ற் என்ற எழுத்துகளுக்குப் பின் இன்னொரு புள்ளி எழுத்து வராது.
காட்சி, கட்சி, முயற்சி, பயிற்சி.

'பயிற்ச்சி', 'முயற்ச்சி' என்று எழுதுவது பிழை. பெரிய பெரிய பலகைகளில்கூட இந்தப் பிழையைப் பார்க்கலாம். அன்று மகள் சொல்லித்தந்தாள். தாய் எழுதிக்கொண்டார்.

9. சொல்லித்தருவோர் கவனிக்க

2021ஆம் ஆண்டில் மத்திய அரசு 'நிபுண் பாரத்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் எல்லாக் குழந்தைகளும் பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அதற்கு மேல் வகுப்புகளில் பாடங்கள் பெரிதாகும். படிக்கத் தடுமாறும் குழந்தை எல்லாப் பாடத்திலும் பின்தங்கும். ஆகவே வீட்டிலும் உதவ வேண்டும்.

● ஒரு நாளைக்கு 10 நிமிடம் போதும். தினமும் செய்ய வேண்டும்.

● முதலில் காது. பிறகு வாய். பிறகு கண். கடைசியில் கை. கேட்டுப் பழகாத சொல்லை எழுதச் சொல்லாதீர்கள்.

● ஆறு சோடிகளையும் ஒரே நாளில் சொல்லித்தராதீர்கள். ஒரு சோடி நன்றாக வந்த பிறகு அடுத்த சோடிக்குப் போங்கள். 'க்க', 'ங்க' முதலில் வரலாம். 'ற்ற', 'ன்ற' கடைசியில் வரட்டும்.

● குழந்தைக்குத் தெரிந்த சொற்களிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் உள்ளவர் பெயர், சமையல் பொருள், கடைப்பலகை எல்லாம் பாடந்தான்.

● தினமும் மூன்று சொற்கள் சொல்லி எழுதச் செய்யுங்கள். சரியா என்று குழந்தையே சீட்டைப் பார்த்துத் திருத்தட்டும். எழுதியதை எழுதியபடியே படிக்கச் சொல்லுங்கள்.

● பிழையின் மேல் பெரிய கோடு போடாதீர்கள். பக்கத்தில் சரியான சொல்லை எழுதுங்கள்.

● சொல்லித்தந்தும் சில குழந்தைகள் 'பத்து', 'பந்து' இரண்டையும் ஒன்று போலவே சொல்லும். கூப்பிட்டால் திரும்பாது. காதில் சீழ் வடியலாம். அப்படிப்பட்ட குழந்தையை அடிக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டிக் காதைச் சோதியுங்கள்.

● உங்களுக்குத் தெரியாததைக் குழந்தை கேட்டால் தயங்க வேண்டாம். இருவரும் சேர்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பயிற்சி

அ. உரக்கப் படியுங்கள். ஒவ்வொரு சொல்லையும் வைத்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள்.

1. படம் – பட்டம்
2. குடை – குட்டை
3. கதி – கத்தி
4. பத்து – பந்து
5. தட்டு – தண்டு
6. கற்று – கன்று

ஆ. விடுபட்ட புள்ளி எழுத்தை எழுதுங்கள். அடுத்த எழுத்தின் பக்கத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

1. ப...சில் திரி செய்தேன்.
2. மீன் கடையில் ந...டு இருக்கிறது.
3. பசு க...று போட்டது.
4. ச...தையில் கூட்டம் அதிகம்.
5. புற்றில் பா...பு இருக்கும்.
6. தே...காய் உடைத்தார்கள்.

இ. சரியான சொல்லை எடுத்து எழுதுங்கள்.

1. மழை பெய்து தெருவில் (வெல்லம், வெள்ளம்) ஓடியது.
2. கிழிந்த (சட்டையை, சண்டையை) அம்மா தைத்தார்.
3. கடனுக்கு (வட்டி, வண்டி) கட்டினோம்.

ஈ. பிழையைத் திருத்தி எழுதுங்கள்.

முயற்ச்சி, வாழ்து, பார்தேன், கட்ச்சி.

உ. புத்தகச் சொல்லை எழுதுங்கள்.

நேத்து, ஒண்ணு, அடிச்சான், காத்து.

விடைகள்

ஆ. 1. ஞ் 2. ண் 3. ன் 4. ந் 5. ம் 6. ங்
இ. 1. வெள்ளம் 2. சட்டையை 3. வட்டி
ஈ. முயற்சி, வாழ்த்து, பார்த்தேன், கட்சி
உ. நேற்று, ஒன்று, அடித்தான், காற்று

பேசிப் பாருங்கள்

1. ஓர் எழுத்து மாறியதால் உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஏதாவது சிக்கல் வந்ததுண்டா?
2. குடும்ப அட்டையில் உங்கள் வீட்டில் உள்ளவர்களின் பெயர்கள் சரியாக இருக்கின்றனவா? எடுத்துப் பாருங்கள். புள்ளி எழுத்து விடுபட்டிருந்தால் எப்படித் திருத்தலாம்?
3. உங்கள் வீட்டுக் குழந்தைக்கு எந்தச் சோடி எழுத்தில் தடுமாற்றம் இருக்கிறது? நாளை எந்தச் சொல்லில் தொடங்குவீர்கள்?